வெந்நீர்க் கலத்தின் ஆயுள்

(கும்மிடிப்பூண்டியில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குளியலறைச் சுவரில் தொங்கும் கீசர் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கினால் அதைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வதா, கழற்றிவிட்டுப் புதியது வாங்குவதா என்பது பற்றிப் பேச வேண்டுமென்று என்னைப் பணித்திருக்கிறீர்கள். இது ஒரு பொதுக்கூட்டத்திற்குரிய விஷயமா என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்கக்கூடும். சிறுவாணித் தண்ணீர் பாயும் கோயம்புத்தூரில் ஒரு கீசர் தன் ஆயுளை ஆற அமரக் கழிக்க, அதே கம்பெனியின் அதே மாதிரிக் கீசர் மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் உத்தரவாதக் காலம் முடிவதற்குள்ளாகவே அடிப்பாகத்தில் பழுப்பு நிறக் கண்ணீர் வடிப்பதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். நம் பிரதேசத்தில் இந்தக் கேள்வி தனிமனிதன் வீட்டுக் கேள்வியாக மட்டும் நிற்பதில்லை; நம் காலடியில் ஓடும் நீரின் சரித்திரமும் அதனோடு சேர்ந்தே வருகிறது.

கீசர் ஒழுகினால் நம் வீடுகளில் முதலில் எழும் வார்த்தை, "அண்ணே, இதைப் பத்த வெச்சுக் கொடுத்துடுங்களேன்" என்பதுதான். இந்த வேண்டுகோளில் சிக்கனம் மட்டுமன்றி ஒரு பழைய ஞானமும் இருக்கிறது. நம் பாட்டிமார் காலத்துச் செம்பு பாய்லரை நினைத்துப் பாருங்கள். நடுவே கரி போடும் குழாய், அதைச் சுற்றிலும் தண்ணீர், மேலே மூடியைத் தூக்கித் தண்ணீர் ஊற்றும் வாய், அடியில் ஒரு பித்தளைக் குழாய். அது ஓட்டையானால் தெருவில் வரும் பாத்திரக்காரர் ஈயத்தை உருக்கி ஒட்டுப் போட்டுவிட்டுப் போவார்; அந்த ஒட்டு அநேக வருஷங்கள் நிற்கும். அது நின்றதற்குக் காரணம் அவருடைய கைத்திறம் மட்டுமன்று. அந்தப் பாத்திரத்தின் வாய் திறந்திருந்தது என்பதும், உள்ளே எவ்வளவு கொதித்தாலும் ஆவி தடையின்றி வெளியேறியது என்பதும், ஆகவே அந்த ஒட்டின்மீது தண்ணீரின் எடையைத் தவிர வேறு எந்த அழுத்தமும் விழவில்லை என்பதுமே முக்கிய காரணங்கள். இன்றைய கீசரோ நாற்புறமும் அடைபட்ட கலம். 28 டிகிரியில் உள்ளே போகும் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்குச் சற்று மேலாகப் பருமன் பெருகுகிறது. 25 லிட்டர் கலத்தில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர். அந்த மூன்றில் ஒரு லிட்டருக்கு இடம் இல்லையென்றால் அது கலத்தின் சுவரைத் தள்ளும். ஒவ்வொரு நாளும் சூடேறித் தள்ளுவதும் ஆறித் தளர்வதுமாக இருக்கும் ஒரு சுவரில் போட்ட ஒட்டையும், பாட்டியின் செம்பு பாய்லரில் போட்ட ஒட்டையும் ஒன்றென்று எண்ணுவதிலிருந்துதான் நம்முடைய குழப்பம் தொடங்குகிறது.

ஆகையால் செலவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரத்தியட்சமாகக் கண்டறிய வேண்டும். முதற்காரியமாகக் கீசருக்குரிய ஸ்விட்சை மட்டுமல்லாமல் மின்பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. என்ற தானியங்கி மின்துண்டிப்பானையும் இறக்கிவிட வேண்டும். ஒழுகும் தண்ணீர் தெர்மோஸ்டாட்டின் முனைகளை நனைத்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், ஈரக் கையோடு அதன் கீழ்மூடியைத் தொடுவது உயிரோடு விளையாடுவது. பிறகு உலர்ந்த துணியால் குழாய்களையும் கலத்தின் வெளிப்புறத்தையும் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு பழைய செய்தித்தாளைக் கீழே விரித்துக் கால்மணி நேரம் பொறுத்திருந்து பாருங்கள். மேலே வந்து சேரும் இணைப்புக் குழாயின் நட்டில் துளி திரண்டால், அது வாஷரும் டெஃப்லான் டேப்பும் தீர்த்து வைக்கும் காரியம். பக்கத்தில் நிற்கும் வால்விலிருந்து, அதுவும் தண்ணீர் சூடாகும் நேரத்தில் மட்டும், துளித்துளியாக வடிந்தால் அநேகமாக அது குறையே அன்று; நான் சொன்ன அந்த மூன்றில் ஒரு லிட்டருக்கு வழிவிடுவதற்காகவே அந்த வால்வு பிறந்திருக்கிறது. அதை ஒழுகல் என்று எண்ணி மூடிபோட்டு அடைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இந்தச் சபையில் நான் சொல்லும் வேறெதை நீங்கள் மறந்தாலும் பாதகமில்லை, அந்த வால்வை மட்டும் ஒருநாளும் அடைக்காதீர்கள். தெர்மோஸ்டாட்டும் பழுதாகி, வால்வும் அடைபட்டு, அழுத்தத்தின் கீழ் நூறு டிகிரியைக் கடந்துவிட்ட தண்ணீர் கலம் பிளந்த கணத்தில் ஆவியாக மாறுமானால், ஆவியாகும் ஒவ்வொரு பங்கும் ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு மடங்கு இடத்தைக் கேட்கும். ஆறிய பிறகும் வால்வு ஓயாமல் ஒழுகினால், வால்வுதான் கெட்டிருக்கிறது. அதை மாற்றினால் போதும்.

மூன்றாவது இடம் கலத்தின் அடியில் சூடேற்றும் கம்பிச்சுருள் உள்ளே புகும் வட்டத் தகடு. அதற்கும் கலத்துக்கும் இடையில் இருக்கும் ரப்பர் காஸ்கெட் இறுகிப்போய் வெடித்திருந்தால் நட்டுகளின் ஓரமாகத் தண்ணீர் கசியும். இதையும் பழுது பார்க்கலாம்; பார்க்க வேண்டும். இந்த மூன்று இடங்களிலும் ஈரமில்லாமல், வெளிக்கூட்டின் அடியிலுள்ள சிறு துளைகள் வழியாகத் துருக்கலந்த நீர் வந்துகொண்டே இருக்குமானால் கலத்தின் சுவரே அரிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னொரு பரீட்சையும் உண்டு. குளிர்ந்த நீர்க் குழாயில் தெளிவாகவும் வெந்நீர்க் குழாயில் மட்டும் பழுப்பாகவும் தண்ணீர் வந்தால் துரு கீசருக்குள் இருக்கிறது. இரண்டிலும் பழுப்பாக வந்தால் குற்றம் வீட்டின் இரும்புக் குழாயிலோ மேல்தொட்டியிலோ இருக்க, பாவம் கீசரின்மீது பழி விழுகிறது.

சுவர் அரித்துவிட்டால் என் அபிப்பிராயம் ஒன்றே: மாற்றிவிடுங்கள். பற்றவைக்கலாமே என்று கேட்பீர்கள். நம் கீசர்களில் பெரும்பாலானவற்றின் கலம் மெல்லிய எஃகுத் தகட்டால் ஆனது. அதன் உட்புறம் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சால் மூடப்பட்டிருக்கிறது. எஃகைத் தண்ணீரிலிருந்து பிரித்து வைப்பது அந்தப் பூச்சு. வெல்டிங் சுடர் பட்ட இடத்தைச் சுற்றி அந்தப் பூச்சு வெடித்து உதிர்ந்துவிடுகிறது. ஆகவே ஓர் ஓட்டையை அடைத்த கையோடு அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பாதுகாப்பற்ற எஃகை உப்புத் தண்ணீருக்குப் படையலாக வைத்துவிடுகிறோம். மேலும், தண்ணீர் வெளியே தெரிந்த இடம் ஒன்றாக இருந்தாலும், காகிதமாக மெலிந்துபோய்த் தன் முறைக்காகக் காத்திருக்கும் இடங்கள் உள்ளே எத்தனையோ இருக்கும். எம்-சீல் வைத்து அடைப்பதைப் பற்றி நான் பேசவே வேண்டியதில்லை.

சுவர் அரிப்பதைத் தடுக்க உபாயம் இல்லையா என்றால், இருக்கிறது. அது இருநூறு ஆண்டுகளாகவே இருக்கிறது. 1824ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அடித்திருந்த செம்புத் தகடுகளைச் சமுத்திர ஜலம் தின்றுவிடுவதைத் தடுக்க வழி தேடி, செம்போடு சிறிய துத்தநாகத் துண்டுகளையோ இரும்புத் துண்டுகளையோ சேர்த்துப் பொருத்திவிட்டால் கடல்நீர் அந்தத் துண்டுகளைத் தின்றுவிட்டுச் செம்பை விட்டுவிடுகிறது என்று நிரூபித்தார். (செம்பு கரையாமல் நின்றதும் கப்பலின் அடியில் சிப்பிகளும் பாசிகளும் தாராளமாகக் குடியேறிக் கப்பலின் வேகத்தையே குறைத்துவிட்டன என்பது இந்தக் கதையின் சோகமான மறுபக்கம், கரையும் செம்பின் நஞ்சுதான் அதுகாறும் அவற்றை விரட்டியிருந்தது.) அதே தத்துவத்தின்படி ஒவ்வொரு எனாமல் கலத்துக்குள்ளும் ஒரு மக்னீசியத் தண்டு வைக்கப்பட்டிருக்கிறது. எனாமல் பூச்சில் ஊசிமுனை அளவு குறைகள் தவிர்க்க முடியாதவை. அந்தக் குறைகளின் வழியே எஃகைத் தொடும் தண்ணீர், எஃகை விட்டுவிட்டு மக்னீசியத்தைக் கரைக்கிறது. அந்தத் தண்டு இருக்கும்வரை கலம் இருக்கும். தண்டு தீர்ந்த நாளிலிருந்து கலத்தின் நாட்கள் எண்ணப்படுகின்றன.

நம் ஊர்க் கீசர் ஒன்றின் அடித்தகட்டைத் திறக்கும்போது அருகே நின்று பார்த்திருக்கிறீர்களா? நட்டுகளைத் தளர்த்தியதும் முதலில் கலங்கிய நீர் பாய்கிறது. அதைத் தொடர்ந்து முட்டை ஓட்டுத் துண்டுகளைப் போன்ற சுண்ணச் சில்லுகள் வாளியில் கலகலவென்று விழுகின்றன. வெளியே வரும் கம்பிச்சுருள், உலோகம் கண்ணுக்கே தெரியாதபடி வெள்ளைப் போர்வை போர்த்திருக்கிறது. அதன் அருகே கட்டைவிரல் பருமனில் நின்றிருக்க வேண்டிய மக்னீசியத் தண்டு இருந்த இடத்திலோ, ஒரு மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கம்பியைச் சுற்றியிருந்த மக்னீசியம் முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது. அது போய் எத்தனை மாதமாயிற்று என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது, ஏனெனில் அப்படி ஒரு பொருள் உள்ளே இருப்பதாக அவரிடம் யாரும் சொல்லவில்லை. இந்த அறியாமைக்காக நம் மக்களை நான் குறைகூறமாட்டேன். விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கம்பிச்சுருளின்மீது படியும் சுண்ணத்தால் மின்சாரம் பெருமளவில் வீணாகிறது என்று சொல்லப்படுவதை நான் முழுமையாக ஏற்பதில்லை. சுருள் தண்ணீருக்குள்ளேயே முழுகியிருப்பதால் அதன் வெப்பம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போய்ச் சேருகிறது. 25 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவே செலவாகும், சுண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் வெப்பம் வெளியேறத் தாமதமாவதால் சுருளின் உள்ளே சூடு மிகுந்து அதன் உறை வெடிக்கிறது. பணம் போவது அங்கேதான்.

இனி நம் தண்ணீருக்கு வருகிறேன். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய மணலுக்குள் மழைநீர் தேங்கி நின்ற காலத்தில், மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் இனிப்புக்குப் பேர்போனவையாக இருந்தன. 1960களின் இறுதியில் தொடங்கி மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்கிணறுகள் தோண்டப்பட்டு, மணலித் தொழிற்சாலைகளுக்கும் பிறகு சென்னை நகருக்கும் தண்ணீர் போயிற்று. வயல்களுக்கும் பம்புசெட்டுகள் இறைத்தன. ஆற்று மணலும் லாரியேறிற்று. கடற்கரை நிலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துக்குள்ளாகவே டச்சு, ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் அதைத் தனித்தனியே கண்டு சொல்லிவிட்டார்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை அது கடல்நீரைத் தள்ளி நிறுத்தும். உப்புநீரின் பாரம் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கே அதிகம் என்பதால் விளைவது இது. அப்படியானால் மேலே ஒரு மீட்டரை இறைத்து எடுத்தவர்கள், கீழே 40 மீட்டரைக் கடலுக்குக் கொடுத்தார்கள் என்றாகிறது. அப்படித்தான் நடந்தது. கடல்நீர் நிலத்தடியில் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்நாட்டுக்குள் புகுந்தது. தென்னையும் நெல்லும் விளைந்த இடங்களில் கிணறுகள் கைவிடப்பட்டன. நிலத்தடி நீரை இறைப்பதற்கு வரம்பு கட்டும் சட்டம் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு 1987இல் வந்தது. வந்தது நல்லதே, ஆனால் உப்பு அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. நூறு குடம் நல்ல தண்ணீரில் ஒரே ஒரு குடம் கடல்நீர் கலந்தால் போதும், லிட்டருக்கு 190 மில்லிகிராம் குளோரைடு ஏறிவிடும். குடிநீருக்கு 250 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000வரை பொறுக்கலாம் என்றும் நம் நாட்டுத் தர நிர்ணயம் சொல்கிறது. மனிதன் பொறுத்துக்கொள்ளும் அந்தத் தண்ணீரை எஃகு பொறுப்பதில்லை. உப்பு மிகுந்த நீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் மக்னீசியத் தண்டு இருமடங்கு விரைவாகவும் அதற்கு மேலும் கரைகிறது. சூடு இந்த ரசாயனத்தை மேலும் முடுக்கிவிடுகிறது. கடினநீரை மென்மையாக்கும் சாதனத்தைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி மாட்டிவிட்டு, இனித் துருப்பிடிக்காது என்று நிம்மதியாக இருப்பவர்களை எச்சரிக்க வேண்டியது என் கடமை. அந்தச் சாதனம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. சுண்ணம் படிவது நிற்கும், குளோரைடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

நம் மாவட்டத்தில் நன்னீரே இல்லையென்று சொல்ல முடியாது. பூண்டி ஏரி 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. 1996இல் கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டை வழியாக அதில் வந்து சேர்ந்தது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. 2020இல் நமக்கு அருகிலேயே கண்ணன்கோட்டை–தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் எழுந்தது. இவற்றின் நீரில் பெரும்பகுதி சென்னையை நோக்கியே ஓடுகிறது. அந்த நீரைச் சேமித்துத் தரும் நம் மாவட்டத்தின் வீடுகளில் போர்வெல் உப்புநீர் கீசரைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். நம் பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் வலுவாகக் கேட்டுப் பெற வேண்டிய நீர் அது.

நம்மில் பலர் தொழிற்சாலைகளில் பாய்லருக்கு அருகே வேலை செய்கிறவர்கள். அங்கே என்ன நடைமுறை? ஆண்டுக்கொரு முறை பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து, குளிரவைத்துத் திறந்து பார்த்து, தண்ணீர் நிரப்பி அழுத்திப் பரீட்சித்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் அது எரியலாம். அனுமதியில்லாமல் அதில் ஓர் ஒட்டுப் போடவும் முடியாது. 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போனதற்குப் பிறகு, மறு ஆண்டே வங்காளத்தில் இதற்கென ஒரு சட்டம் பிறந்தது; நாடு முழுவதற்குமான சட்டம் 1923இல் வந்தது; அதன் இடத்தில் 2025இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. வீட்டுக் கீசர் ஆவியை உண்டாக்குவதன்று, ஆகவே அந்தச் சட்டத்துக்குள் வராது. வர வேண்டுமென்று நான் வாதிக்கவும் இல்லை. ஆனால் ஆலையில் அழுத்தக் கலத்துக்கு ஒட்டுப்போடக் கூடாது என்று அறிந்த அதே தோழர், வீட்டுக்கு வந்ததும் தன் குழந்தைகள் குளிக்கும் இடத்துக்கு மேலே ஒட்டுப்போட்ட கலத்தைத் தொங்கவிடலாமா?

செலவைப் பற்றி ஒரு வியாபாரச் சூத்திரம் வழங்குகிறது: பழுது பார்க்கும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதை வாங்கு என்பது. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தச் சூத்திரம் இங்கே பயன்படாது. சுவர் அரித்த கலத்துக்குப் பத்தில் ஒரு பங்கு செலவழித்தாலும் அது வீண். சுவர் நன்றாக இருக்கும் கலத்துக்கோ சுருள், தெர்மோஸ்டாட், வால்வு, காஸ்கெட், மக்னீசியத் தண்டு எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினாலும் அது பிரயோஜனமுள்ள செலவு. சந்தேகமான நிலையும் ஒன்றுண்டு: கலம் இன்னும் ஒழுகவில்லை, ஆனால் தண்டு முழுவதும் தீர்ந்திருக்கிறது, வெந்நீர் சிறிது பழுப்பாக வருகிறது, வயதும் ஆகிவிட்டது. அப்படிப்பட்டதில் விலையுயர்ந்த புதுச் சுருளைப் போடச் சொல்லி நான் யோசனை கூறமாட்டேன். தண்டை மட்டும் மாற்றிவிட்டு, புதியதற்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.

வாடகை வீடுகளின் துயரம் இதில் தனியானது. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களும் நம்மூர்க் குடும்பங்களும் அருகருகே வசிக்கிறார்கள். கீசர் ஒழுகினால் வாடகைக்காரர், "ஓனர் பார்த்துக்குவார்" என்கிறார். ஓனரோ, "பயன்படுத்துறவங்கதானே பார்க்கணும்" என்கிறார். இடையில் எர்த் இல்லாத ஒரு பிளக்கிலிருந்து அந்தக் கலத்துக்குள் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கிறது. கீசர் இல்லாத அறைகளிலோ பிளாஸ்டிக் வாளிக்குள் ஹீட்டர் ராடைத் தொங்கவிட்டு, அது எரிந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் சூடாகிவிட்டதா என்று கையை விட்டுப் பார்க்கிறார்கள். கலமும் மின்னிணைப்பும் வீட்டின் அங்கங்கள். அவற்றைப் பத்திரமாக வைத்திருப்பது வாடகை வாங்குகிறவரின் பொறுப்பு. கசிவு மின்சாரம் எழுந்த கணமே இணைப்பை அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற சிறு கருவியைப் மின்பெட்டியில் பொருத்துவதற்கு ஆகும் செலவு பெரிதொன்றும் அன்று.

புதியது வாங்கியே தீரவேண்டும் என்று முடிவானால், நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். அது சும்மா நிற்கும்போது எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பதைச் சொல்லும். கலம் எதனாலானது என்று கேளுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்று பெருமையாகச் சொல்லப்படும் சாதாரண ரகம், சூடான குளோரைடு நீரில் பற்றுவைத்த ஓரங்களில் குழிவிழவும் வெடிக்கவும் கூடியது. நம் போர்வெல் நீருக்கு, தடித்த தண்டுடைய நல்ல எனாமல் கலமோ, உட்புறம் பாலிமரால் ஆன கலமோ மேல் என்பது என் கருத்து. உத்தரவாத அட்டையில் கடினநீரால் வரும் சேதத்துக்கு விலக்கு இருக்கிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் படியுங்கள். மேல்தொட்டிக்கு இரண்டு நீர்வரத்து இருக்கும் வீடுகளில், கீசருக்குப் போகும் குழாயைக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வரும் தொட்டியோடு இணைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும். பழைய வால்வையும் பழைய இணைப்புக் குழாயையும் புதியதில் பூட்ட விடாதீர்கள்.

கழற்றிய கலத்தைக் காயலான் கடைக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொள்வார். மனம் கசக்க வேண்டாம். அந்த எஃகு நம் கும்மிடிப்பூண்டி உலைகளிலேயே மீண்டும் உருகி, கட்டடக் கம்பியாக வெளியே வர வழியிருக்கிறது. புதிய கலத்தை மாட்டும் மெக்கானிக்கிடம், மக்னீசியத் தண்டைக் கழற்றிப் பார்க்க அடியில் கைநுழையும் இடம் விட்டு மாட்டச் சொல்லுங்கள். மாட்டிய தேதியைக் கலத்தின் பக்கவாட்டில் அழியாத மையால் எழுதுங்கள்; உப்புநீர் வீடுகளில் ஆறு மாதம் கழித்து ஒருமுறை திறந்து, தண்டு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்து, அந்த வேகத்தை வைத்து அடுத்த தேதியையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள். யாருக்கேனும் கேள்விகள் இருந்தால் கேட்கலாம். உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், உப்பளக்கும் கருவி இங்கே மேசைமீது இருக்கிறது.